சனிக்கிழமை ஸ்டேக் போடுகிறேன், என்ன ஒயின் வாங்குவது? (மெல்பர்ன், அவசரம்)

பொருநைக்கரை | செவ்வாய், இரவு 9:40

வணக்கம். வருகிற சனிக்கிழமை ராத்திரி என் மேலாளரும் அவர் மனைவியும் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். பிரியாணி போட்டுவிடலாம் என்றேன். "பிரியாணியைத்தான் எல்லாரும் நம்மகிட்ட எதிர்பார்ப்பாங்க. பார்பெக்யூ அடுப்பை வாங்கி ஒரு வருஷமா உறை போட்டு மூடியே வச்சிருக்கீங்களே, அதை எப்பத்தான் திறக்கப் போறீங்க?" என்றாள் மனைவி. ஆக, ஸ்டேக். கறிக்கடையில் ஸ்காட்ச் ஃபில்லே, அதாவது மாட்டின் விலாப்பக்கத்துக் கொழுப்புக் கறி, சொல்லி வைத்தாயிற்று. நாலு துண்டு, ஒவ்வொன்றும் இரண்டு விரல் கனம்.

சிக்கல் ஒயின்தான். எனக்குப் பீர் தெரியும், அதற்கு மேல் தெரியாது. நேற்றுக் கடைக்குப் போய் சிவப்பு ஒயின் வரிசைக்கு முன்னால் இருபது நிமிஷம் நின்றேன். ஒரு பாட்டிலின் முதுகில் "பிளம், புகையிலை, தோல்" என்று போட்டிருக்கிறது. தோலா? செருப்புத் தோலா? கடைப் பையன் வந்து உதவி வேண்டுமா என்று கேட்டதும், சும்மா பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு ஆறு பீரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு பாட்டிலுக்கு நாற்பது டாலர் வரை செலவழிக்கலாம். கறிக்கு மிளகு, பூண்டு விழுது, காஷ்மீரி மிளகாய்த்தூள், உப்பு தடவி ஒரு ராத்திரி ஊற வைக்கலாம் என்று எண்ணம். மனைவிக்கு நன்றாக வெந்திருக்க வேண்டும், உள்ளே சிவப்பு தெரிந்தால் தட்டைத் தள்ளிவிடுவாள். மேலாளர் மீடியம் ரேர் ஆள், உள்ளே சிவப்பாக இருந்தால்தான் பிடிக்கும். எல்லாருக்கும் ஒரே ஒயின் ஒத்து வருமா?

மூன்றாம் கோப்பை | செவ்வாய், இரவு 10:15

கேபர்னே சாவின்யோன் திராட்சையில் போட்ட சிவப்பு ஒயின். முடிந்தது, இழையைப் பூட்டலாம்.

நான் ஹூஸ்டனில் இருக்கிறேன். இங்கே எந்த ஸ்டேக் கடைக்குப் போனாலும் அட்டையில் பாதிப் பக்கம் கலிஃபோர்னியாவின் நாப்பா கேபர்னேதான். 1976-இல் பாரிஸில் பாட்டிலின் பெயரை மறைத்து வைத்து ருசி பார்த்தபோது, பிரெஞ்சு நடுவர்களே தங்கள் ஊர் போர்தோ ஒயினை விட்டுவிட்டு 1973-ஆம் வருஷத்து நாப்பா கேபர்னேவுக்கு முதலிடம் கொடுத்தார்கள். இதற்கு மேல் என்ன சான்றிதழ் வேண்டும்? உங்கள் ஊரில் தெற்கு ஆஸ்திரேலியாவின் கூனவாராக் கேபர்னே கிடைக்கும், அதை வாங்குங்கள்.

குசினிக்காரன் | புதன், அதிகாலை 2:20

இப்பத்தான் வேலை முடிந்து வந்தேன். பாரிஸில் 14 வருஷமாகக் குசினி வேலை. எங்கட ஆக்கள் கனபேரைப் போல நானும் கோப்பை கழுவுவதில் தொடங்கி, இப்ப அடுப்படிக்கு வந்திருக்கிறேன். ஒரு இரவுக்கு முப்பது, நாற்பது ஆந்த்ரகோத் என்ர கையால் போகும். நீங்கள் சொல்லுற ஸ்காட்ச் ஃபில்லேயைத்தான் இஞ்ச ஆந்த்ரகோத் என்பார்கள்.

ஹூஸ்டன்காரர் சொன்னது பிழை இல்லை. ஆனால் ஏன் என்று தெரிந்தால்தான் எப்ப பிழைக்கும் என்றும் தெரியும்.

சாயம் கூடின பிளேன்டீயைச் சீனி இல்லாமல் ஒரு மிடறு குடித்துப் பாருங்கள். நாக்கு இழுக்கும், கன்னத்துக்குள் காய்ந்து போகும். அந்தத் துவர்ப்புக்குப் பெயர் டானின். எச்சிலில் இருக்கிற வழுவழுப்பான புரதத்தைப் பிடித்துக்கொண்டு போவதால்தான் வாய் காய்கிறது. அதே தேத்தண்ணிக்குப் பால் விட்டால் துவர்ப்பு அடங்கிவிடும், ஏனென்றால் பாலில் உள்ள புரதம் டானினைப் பிடித்துக்கொள்ளும். கேபர்னேயில் திராட்சைத் தோலில் இருந்தும் விதையில் இருந்தும் வருகிற டானின் கூட. ஸ்டேக்தான் அதற்குப் பால். கொழுப்பும் சாறும் உள்ள துண்டைக் கடித்துவிட்டு ஒரு மிடறு குடித்தால் ஒயின் மென்மையாகும், வாயில் ஒட்டின கொழுப்பும் கழுவுப்பட்டு அடுத்த துண்டுக்கு இடம் வரும்.

இப்ப உங்கட மனுசிக்கு வருவோம். நன்றாக வெந்த துண்டில் சாறு போய்விடும், கொழுப்பும் உருகி நெருப்பில் விழுந்துவிடும். காய்ந்த இறைச்சிக்கு மேல் காய வைக்கிற ஒயினை விட்டால் என்ன நடக்கும்? இரண்டு மடங்கு காயும். "பியன் குயி", அதாவது நன்றாக வெந்தது, என்று ஓடர் வந்தால் எங்கட பரிமாறுகிற பெடியன் போர்தோவைக் காட்ட மாட்டான். தெற்குப் பிரான்ஸின் கோத் டு ரோன் மாதிரி, கிரனாஷ் திராட்சை கூடின, பழச்சுவை உள்ள மெது ஒயினைத்தான் காட்டுவான்.

பூண்டு விழுதைத் தயவுசெய்து தடவ வேண்டாம். இந்தச் சூட்டில் பூண்டு கருகும், கருகின பூண்டு கைக்கும். கைப்பும் டானினும் ஒன்றோடு ஒன்று சேராது. உப்பை மட்டும் முதல் நாளே போட்டு, மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்தால் காணும்.

கோவைக்குசும்பு | புதன், காலை 7:05

ஒரு ஸ்டேக்குக்கு இவ்வளவு வேதியியலா? எங்கள் ஊரில் குடல் வறுவலுக்கு எந்தக் கடைச் சரக்கு என்று யாரும் இழை திறப்பதில்லை. அது சரி, தமிழன் மாட்டுக்கறி தின்பதைப் பற்றி

[மட்டுறுத்துநர்: மிச்சம் நீக்கப்பட்டது. அந்த விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது, ஏற்கெனவே 212 பக்கம். இங்கே ஒயின் மட்டும்.]

பாம்பாஸ் பாண்டி | புதன், காலை 8:30

இரண்டு வருஷம் புவனஸ் அயர்ஸில் வேலையாக இருந்தவன் என்ற உரிமையில் வருகிறேன். மால்பெக் பேச்சே எடுக்காமல் ஒரு ஸ்டேக் இழையா?

மால்பெக் திராட்சை பூர்விகத்தில் பிரான்ஸின் தென்மேற்கு ஆள், காஓர் என்ற ஊர். 1853-இல் மிஷேல் பூஜே என்ற பிரெஞ்சுக்காரர் அதை அர்ஜென்டினாவுக்குக் கொண்டுவந்தார். பிறந்த வீட்டில் கறுத்து முரண்டு பிடிக்கும் திராட்சை, ஆண்டீஸ் மலையடிவாரத்தில் மெண்டோசாவில் ஆயிரம் மீட்டர் உயரத்து வெயிலில் பழுத்துப் பதமாகிவிட்டது. துவர்ப்பு உண்டு, ஆனால் கேபர்னே மாதிரி அறையாது. தடவிக் கொடுக்கும்.

அவர்கள் கறியை ஊற வைப்பதே இல்லை. பரிஷாவில், அதாவது கம்பி அடுப்பில், கல் உப்பு மட்டும் போட்டுத் தணலில் மெதுவாகச் சுடுவார்கள். சுடுகிற ஆளிடம் மற்றவர்கள் யோசனை சொல்வது பாவம். முதல் தடவை நான் போய், இதில் கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டால் என்ன என்று கேட்டேன். அந்த மனுஷர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அன்றோடு வாயை மூடிக்கொண்டேன்.

பக்கத்தில் சிமிசுர்ரி வைப்பார்கள். பார்ஸ்லி, பூண்டு, ஓரெகானோ, வினிகர், எண்ணெய் சேர்ந்த நம்ம துவையலுக்குத் தம்பி. அதை அள்ளிப் போட்டால் வினிகர் புளிப்பில் ஒயின் சப்பென்று ஆகிவிடும், ஆகவே தொட்டுக்கொள்ளும் அளவுதான். இன்னொன்று, மேட்டுக்குடி ஒயின் ரசிகர்கள் காதைப் பொத்திக்கொள்ளவும்: வீட்டில் குடிக்கும் சாதாரண ஒயினில் பெரியவர்கள் சைஃபன் பாட்டில் சோடாவைப் பீய்ச்சி, ஐஸ் போட்டுக் குடிப்பதை நான் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பார்த்திருக்கிறேன். யாரும் போலீஸைக் கூப்பிடவில்லை.

மிளகுத்தண்ணி | புதன், காலை 11:50

பொருநைக்கரை தம்பி, நான் அடிலெய்டில் இருக்கிறேன். எல்லாரும் ஹூஸ்டன், பாரிஸ், அர்ஜென்டினா என்று உலகம் சுற்றுகிறார்கள். நீங்கள் இருப்பது ஷிராஸ் என்கிற சிவப்பு ஒயின் திராட்சையின் தேசத்தில், அதை யாருமே சொல்லவில்லை.

உங்கள் கேள்வியில் எனக்குக் கண்ணில் பட்டது ஒரே சொல்தான், மிளகு. சில ஷிராஸை மோந்தால் அப்போதுதான் இடித்த மிளகு மாதிரி மணக்கும். "மிளகு மாதிரி" என்பது வருணனை இல்லை, அது மிளகு மணமேதான். இரண்டிலும் இருப்பது ரோட்டண்டோன் என்கிற ஒரே பொருள். எங்கள் ஊரில் இருக்கும் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார் அதைக் கண்டுபிடித்து 2008-இல் வெளியிட்டார்கள். ஒரு லிட்டர் ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். நான் வேதியியல் படித்தவள், அந்த அளவை நினைத்தால் எனக்கே மலைப்பாக இருக்கிறது.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? கோரைக்கிழங்கு! நம்ம பாட்டிமார் குளிக்கும் பொடியில் அரைத்துச் சேர்ப்பார்களே, அதேதான். அதன் தாவரவியல் பெயர் சைபிரஸ் ரோட்டண்டஸ். அந்தக் கிழங்கில்தான் இதை முதலில் பிரித்தெடுத்தார்கள். நலங்குமாவு, மிளகு ரசம், ஷிராஸ் மூன்றுக்கும் நடுவில் இப்படி ஒரு சொந்தம். ஆனால் ஒரு வேடிக்கை, சோதனையில் ஐந்தில் ஒருவருக்கு இந்த மணம் எவ்வளவு கூட்டினாலும் தெரியவே இல்லை. அவர்கள் மூக்கு அப்படி.

எல்லா ஷிராஸிலும் இது கிடைக்காது. குளிர்ந்த இடத்தில் மெதுவாகப் பழுத்தால்தான் கூடும். எங்கள் பரோசா பள்ளத்தாக்கு வெயில் காடு. அங்கே 1843-இல் நட்ட கொடிகள்கூட இன்னும் காய்க்கின்றன, ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்த ஃபில்லாக்சரா பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையாததுதான் காரணம். அந்த ஒயின் நாவல்பழச் சாறு மாதிரி கனமாக, சாராயம் 14.5, 15 சதம் வரை இருக்கும். உங்களுக்கு வேண்டியது அது இல்லை. உங்கள் விக்டோரியாவிலேயே மேற்கே கிராம்பியன்ஸ் பக்கத்து ஷிராஸ் கேளுங்கள். மிளகு மணத்துக்கு அந்த இடம் பெயர் போனது. உங்கள் பணத்தில் நல்லதாகவே கிடைக்கும்.

மிளகாய்த்தூளை மட்டும் விட்டுவிடுங்கள். நாக்கில் காரத்தை உணர்கிற அதே வாசலைத்தான் சாராயமும் தட்டுகிறது. மிளகாய்க் காரத்தோடு 15 சதம் ஒயின் சேர்ந்தால் இரண்டும் கூட்டணி போட்டுத் தொண்டையில் தீ வைக்கும், பழச்சுவை ஒன்றும் மிஞ்சாது. உப்பு மட்டும் போட்டுச் சுட்டு, இறக்கின பிறகு மிளகைக் கொரகொரப்பாக இடித்துத் தூவுங்கள்.

மூன்றாம் கோப்பை | புதன், பகல் 1:10

மிளகுத்தண்ணி அக்கா, கோரைக்கிழங்குக்கு ஒரு சலாம். ஆனால் கொழுப்பான ஸ்காட்ச் ஃபில்லேக்கு, குளிர்ந்த இடத்து ஷிராஸின் உடம்பு, அதாவது வாயில் தெரியும் கனம், போதாது என்பதுதான் என் கட்சி. கேபர்னே தாங்கும்.

மிளகுத்தண்ணி | புதன், பகல் 1:45

நாலு துண்டில் ஒன்று நன்றாக வெந்தது, அதை மறந்துவிட்டீர்கள். ஒரே பாட்டில்தான் என்றால் எல்லாரும் குடிக்கக்கூடியதைத்தான் பார்க்க வேண்டும். கொழுப்புதான் டானினை அடக்குகிறது என்று எல்லாரும் சொல்கிறோம். உப்புக்கு அதில் பெரிய பங்கு உண்டு. சந்தேகம் இருந்தால் இன்றே செய்து பாருங்கள்: துவர்ப்பான ஒயின் ஒரு மிடறு, பிறகு நாக்கில் ஒரு சிட்டிகை உப்பும் இரண்டு சொட்டு எலுமிச்சையும், மறுபடி ஒரு மிடறு. அதே ஒயினா என்று கேட்பீர்கள். மாங்காய்க்கு உப்புத் தொட்டுத் தின்ற நமக்கு இது புதுசா? ஸ்டேக்கில் உப்பு குறைந்தால் எந்த ஒயினும் முறைக்கும்.

பனிமூட்டம் | புதன், மாலை 6:20

நான் பெங்களூர். இங்கே எங்களுக்கு ஸ்டேக் என்று கிடைப்பது பெரும்பாலும் எருமைக்கறி. கொழுப்பு கம்மி, அதனால் தட்டில் மிளகுக் குழம்பையோ காளான் குழம்பையோ ஊற்றித்தான் தருவார்கள். அப்போது குழம்புக்குத்தான் ஒயின் பார்க்க வேண்டும், கறிக்கு இல்லை என்பது என் அனுபவம். கிரீம் சேர்த்த குழம்பு என்றால் நாசிக் ஷிராஸ் சரியாகவே போகிறது. நந்தி மலைப் பக்கத்துக் கேபர்னே-ஷிராஸ் கலவையும் நன்றாக இருக்கும்.

ஒரு கிளைக் கேள்வி: கம்பம் பன்னீர் திராட்சையில் ஒயின் போட்டால் ஸ்டேக்குக்கு வருமா? சொந்த ஊர்ப் பாசத்தில் கேட்கிறேன்.

மிளகுத்தண்ணி | புதன், மாலை 6:55

பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹம்பர்க் என்கிற வகை. வாசனைதான் அதன் சொத்து, துவர்ப்பு இல்லை. இனிப்பு ஒயினுக்கு அழகு. ஸ்டேக்கோடு வைத்தால் பாயசத்தைத் தொட்டுக்கொண்டு சுக்கா தின்ற கதைதான்.

வெள்ளைக்கட்சி | புதன், இரவு 8:00

சிவப்புதான் என்று யார் சட்டம் போட்டது? கொழுப்பை வெட்டப் புளிப்பு போதும். நான் ஸ்டேக்கோடு ஷாம்பெயின் குடிப்பவன். திட்டுங்கள்.

பாம்பாஸ் பாண்டி | புதன், இரவு 8:10

திட்டவில்லை. உங்கள் சம்பளத்தை நினைத்துப் பொறாமைதான்.

பொருநைக்கரை | வியாழன், இரவு 9:00

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். ஒன்று, சனிக்கிழமை இங்கே 34 டிகிரி என்கிறார்கள். சிவப்பு ஒயினை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, அறைச் சூட்டில்தான் குடிக்க வேண்டும் என்று ஆபீஸில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். இரண்டு, எத்தனை பாட்டில்?

குசினிக்காரன் | வெள்ளி, அதிகாலை 1:55

அந்த "அறை" ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறை, 16 முதல் 18 டிகிரி. உங்கட 34 டிகிரி அறையில் வைத்தால் சூப்புத்தான் குடிப்பீர்கள், சாராய வாடை மட்டும் மூக்கில் ஏறும். விருந்தினர் வர முதல் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். போத்தலைத் தொட்டால் மண்பானைத் தண்ணி மாதிரிக் குளிர வேண்டும், ஐஸ் மாதிரி இல்லை.

இறைச்சிக்கு இதற்கு மறுபக்கம். சுட்டவுடன் வெட்டக் கூடாது, ஐந்தாறு நிமிஷம் சும்மா விட வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால் சாறு முழுக்கப் பலகையில் ஓடும், பிறகு ஒயினைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை. மனுசியின்ர துண்டை மற்றதுகளுக்கு முதலே அடுப்பில் போடுங்கள். வெந்த பிறகு மெல்லிசாகச் சீவி, தட்டில் வடிந்த சாற்றை மேலே விட்டு, ஒரு துண்டு பட்டர் வையுங்கள். காய்ந்தது தெரியாது. எங்கட இடத்தில் முறைப்பாடு வராமல் இருக்க நான் செய்கிற களவு இது.

மிளகுத்தண்ணி | வெள்ளி, காலை 7:30

750 மில்லி பாட்டில் ஒன்றில் ஐந்து கிளாஸ். நாலு பேருக்கு ஒன்றரை பாட்டில் ஆகும், இரண்டு வாங்குங்கள். விருந்தினரில் யார் வண்டி ஓட்டப் போகிறார் என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். இங்கே ரத்தத்தில் சாராயம் 0.05 சதம்தான் வரம்பு.

பொருநைக்கரை | ஞாயிறு, மாலை 5:15

நடந்ததைச் சொல்ல வேண்டாமா?

கிராம்பியன்ஸ் ஷிராஸ் இரண்டு பாட்டில், ஒன்று 32 டாலர், சாராயம் 13.5 சதம். இந்தத் தடவை கடைப் பையனிடம் நானே போய், குளிர்ந்த இடத்துது வேண்டும், மிளகு மணக்க வேண்டும் என்று கேட்டேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. மிளகாய்த்தூள், பூண்டு இரண்டும் கிடையாது. உப்பு மட்டும். மிளகை அம்மா கொடுத்தனுப்பிய இடிகல்லில் இடித்தேன்.

மனைவி இரண்டு மடக்கு குடித்துவிட்டு, "ரசப்பொடி டப்பாவைத் திறந்த மாதிரி இருக்கு" என்றாள். அவள் துண்டைக் குசினிக்காரர் அண்ணை சொன்ன களவுப்படியே சீவிக் கொடுத்தேன், மிச்சம் வைக்கவில்லை. மேலாளரின் மனைவி மிளகு, மிளகு என்று ரசித்துக் குடித்தார். மேலாளர் மட்டும் கிளாஸுக்குள் மூக்கை முழுசாக விட்டு மோந்து பார்த்து, எனக்கு ஒரு மிளகும் தெரியவில்லையே என்கிறார். ஐந்தில் ஒருவர்! நான் கோரைக்கிழங்குக் கதையை எடுத்துவிட்டேன். மனுஷர் போனை எடுத்துக் குறித்துக்கொண்டார். நாலு வருஷத்தில் நான் சொன்னதை அவர் குறித்துக்கொண்டது இதுதான் முதல் தடவை.

ஒரு சொதப்பல். அவர்கள் கொண்டுவந்தது ஒரு சாந் எமிலியோன், போர்தோ பக்கத்துச் சிவப்பு ஒயின், கார்க் அடைத்த பாட்டில். இந்த ஊர் ஒயின் எல்லாம் திருகுமூடிதானே, என் வீட்டில் கார்க் திருகியே கிடையாது! பக்கத்து வீட்டுக் கிரேக்கத் தாத்தாவிடம் ஓடினேன். திருகியைக் கையில் கொடுக்க மாட்டேன் என்று அவரே வந்து திறந்தார், திறந்தவர் போகவில்லை. என் துண்டில் பாதி அவருக்குப் போனது.

மூன்றாம் கோப்பை | ஞாயிறு, மாலை 5:40

சாந் எமிலியோன் எப்படி இருந்தது? அதில் மெர்லோ திராட்சைதான் கூடுதல், கொஞ்சம் கேபர்னே ஃப்ரான்.

பொருநைக்கரை | ஞாயிறு, மாலை 5:52

உண்மையைச் சொல்லவா? கறிக்கு அதுதான் இன்னும் பொருத்தமாக இருந்தது. அக்கா மன்னிக்கவும்.

மிளகுத்தண்ணி | ஞாயிறு, மாலை 6:05

கார்க் பாட்டிலைத் திறந்தது தாத்தா, அதனால் ருசி கூடியிருக்கும். மன்னித்தேன்.

குசினிக்காரன் | திங்கள், அதிகாலை 2:30

மிச்ச ஒயின் இருந்தால் ஊற்றிப் போடாதேங்கோ. சின்ன வெங்காயத்தைப் பட்டரில் வதக்கி, ஒயினை விட்டுப் பாதியாக வற்ற வைத்து, இறைச்சிச் சாறு சேர்த்தால் போர்தோக்காரரின் ஆந்த்ரகோத் குழம்பு. எவ்வளவு மிச்சம்?

பொருநைக்கரை | திங்கள், காலை 7:10

தாத்தா வந்தார் என்றேனே அண்ணை. சொட்டு மிச்சமில்லை.